அப்பாவுக்குக் கேட்காமல் போன செய்தி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் திறக்கிறேன். இங்கே உன் அப்பாவும் நானும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், இந்த முறை அந்த வரியிலேயே கை நின்றுவிட்டது. நலம்தான், மூன்று வேளையும் சாப்பிடுகிறோம், நடமாடுகிறோம், ஆனால் உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நான் போனில் பேசும்போது அப்பா எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறார், உதடு அசைவதை வைத்தே பாதியைப் படித்துவிடுகிறார், ஏன் அப்படிப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, இது மூன்றாவது, முன்னே பின்னே இருந்தாலும் பொறுமையாகப் படி, நின்றுகொண்டு படிக்காதே, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படி.

உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டேன். கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே, இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதுப் பக்கம் நின்று கத்தினால் யாரோ கத்துகிறார்கள் என்பது மட்டும் தெரியும், என்ன சொல்கிறார்கள் என்பது தெரியாது. ஒன்றரை வருஷமாக இதே நிலைதான். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன், ஒரு கார் ஓடிக்கொண்டே நிற்கிறது, இவர் உள்ளே உட்கார்ந்து மறுபடியும் சாவியைத் திருகுகிறார். ஓடுகிற வண்டியில் சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டார் பல்லோடு பல் மோதி கரகரவென்று அரைக்கும், கேட்கிறவர்களுக்கு உடம்பே கூசிப்போகும், காரின் சொந்தக்காரர் பதறிப்போய்க் கையை நீட்டினார், இவர் நிதானமாக அவரைப் பார்த்து, ஸ்டார்ட்டே ஆகமாட்டேங்குதே சார் என்றார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்கிற மனுஷன். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கேட்டேன், முதலில் எரிந்து விழுந்தார், பிறகு சட்டை பித்தானைத் திருகிக்கொண்டே, ஆமா, சுத்தமா கேக்கல, யாருக்கும் தெரிய வேணாம், முக்கியமா பாப்பாவுக்குத் தெரிய வேணாம், அவ அங்க உக்காந்து அழுவா என்றார். காது கேட்காத மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள் என்ற பயம் அவருக்கு. டாக்டரிடம் போகலாம் என்றால் அங்கே காத்திருப்பவர்களில் பாதிப்பேர் நம்ம கஸ்டமர் என்றார். நான் சத்தியம் செய்துகொடுத்துவிட்டேன். செய்திருக்கக் கூடாதோ என்று அன்றிலிருந்து இன்றுவரை யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை.

பில் எழுத ஆள் வேண்டும் என்று ஊரிடம் சொல்லிவிட்டு என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனாரே, அது பில்லுக்காக இல்லை, அவருக்குக் காதாக நிற்பதற்காக. உன்னிடம்கூடப் பொழுது போகவில்லை அதனால் போகிறேன் என்று சொன்னேன், மன்னித்துக்கொள். பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். சத்தம் மேலேயிருந்து வருதா கீழேயிருந்து வருதா, ஆக்ஸிலேட்டர் குடுத்தா கூடுதா குறையுதா, டிக்கா டக்கா என்று கேட்பார். எனக்கு எல்லாமே ஒரே இரைச்சல். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நிற்பேன். அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் பிறகு அதிர்வாவது தெரிகிறதா என்று அதையே பல்லில் கடித்துப் பார்ப்பார், அந்த நேரம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம், சத்தம் எந்த வேகத்தில் வருகிறதோ அதே வேகத்தில் அவர் தோளில் நான் விரலால் தட்டுவேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். பாதி நாள் சரியாக வரும். பல் டாக்டரின் கார் வந்தபோது நான் டக் டக்கென்று தட்டினேன், அவர் வால்வு இடைவெளிதான் என்று முடிவு செய்து மேல்மூடியைக் கழற்றி ஒரு பகல் முழுக்க வேலை பார்த்தார், மாட்டி ஓடவிட்டால் அதே டக் டக். கடைசியில் பார்த்தால் முன்னாடி இருக்கிற விசிறியில் ஒரு காய்ந்த இலைக்காம்பு சிக்கிப் பட்டுக்கொண்டிருந்தது. நான் அதை எடுத்துக் காட்டியதும் இருவரும் சிரித்த சிரிப்பில் பல் டாக்டரும் சேர்ந்து சிரித்தார், எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

இப்போது நீ போன் செய்த அந்த நாளுக்கு வருகிறேன். அப்பாவிடம் கொடு, அவரிடம்தான் முதலில் சொல்வேன், உனக்கு அப்புறம்தான் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். குரலிலிருந்தே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார், உன் பெயரை போனில் பார்த்துவிட்டார். வலது காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, சரிம்மா, சரிம்மா, நல்லா சாப்பிடு, வண்டி நிக்குது, அம்மாகிட்ட பேசு என்றார். ஒன்றரை வருஷமாக உன்னிடம் அவர் பேசுவதெல்லாம் இந்த நாலு சொல்தான், நீயும் அப்பா ரொம்ப மாறிப்போய்விட்டார் என்று இரண்டு தடவை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாய். நான் போனை வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். பிறகு உன் மெசேஜ் வந்தது, எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று சொன்னதற்கு வண்டி நிற்கிறது என்கிறார், இனிமேல் அவரிடம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை என்று. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எண்ணவில்லை. சந்தோஷப்படுவதா அழுவதா என்றே தெரியவில்லை. அவரிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் சொன்னால் நீ ஏற்கெனவே அவரிடம் சொன்னதையும் சொல்ல வேண்டும், அது அவர் காதில் விழவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உன்னிடம் உண்மையைச் சொன்னால் அவருக்குக் கொடுத்த சத்தியம் போகும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினேன், நாளை பத்து நாளானது, அதற்குள் வேன் விஷயம் வந்துவிட்டது.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார், உரத்த குரல், நல்ல மனுஷர், என்னை அக்கா என்பார். வேகமாகப் போனால் முன்பக்கம் ஒரு இரைச்சல் வருகிறது என்று கொண்டுவந்தார். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வந்தோம். எனக்கு டயர் ரோட்டில் தேய்கிற சத்தம் மாதிரிதான் இருந்தது, அப்படியே சொன்னேன். வழக்கமாக இவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுற்றி, இன்னொரு கையை ஸ்பிரிங்கில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்ப்பார். அன்று இன்னும் இரண்டு வண்டிகள் காத்திருந்தன, என் வார்த்தையை நம்பி டயரை மட்டும் முன்னே பின்னே மாற்றிப் போட்டு அனுப்பிவிட்டார். அது டயர் இல்லை, பேரிங். மூன்றாம் நாள் ஓடும்போதே பேரிங் உடைந்து சக்கரம் சாய்ந்து வேன் ரோட்டோரக் கல்லில் மோதி நின்றது. பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்ட பிறகுதான் நடந்தது, டிரைவருக்கும் ஒரு கீறல் இல்லை, ஆனால் அரை மணி முன்னால் நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் நடந்தே ஷெட்டுக்கு வந்தார். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார், பதினாறு புள்ளைங்கய்யா, பதினாறு புள்ளைங்க, நீயெல்லாம் மெக்கானிக்கா என்று கத்துகிறார். அப்பா அவருக்கு முதுகு காட்டி ஒரு எஞ்சினில் குனிந்திருந்தார். நிழல் பட்டுத் திரும்பினார், அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, வாங்க வாங்க, வண்டி இப்ப நல்லா ஓடுதா என்று கேட்டார்.

அந்த டிரைவரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அடிக்கவே வந்திருப்பார். நான் நடுவில் போய் நின்று, அவருக்குக் காது கேக்காதுங்க, டயர் சத்தம்னு சொன்னது நான்தான், தப்பு என் மேலதான் என்று சொல்லிவிட்டேன். வெளியாள் ஒருவரிடம் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா பக்கவாட்டிலிருந்து என் உதட்டைப் படித்துவிட்டார். கையிலிருந்த ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டினார், பழைய துணியில் கையைத் துடைத்தார், வீட்டுக்கு நடந்துவிட்டார். டிரைவரும் திரும்பிப் போய்விட்டார். வேனுக்குப் புது பேரிங் வேறு ஷெட்டில்தான் போட்டார்கள்.

ஒன்பது நாள் ஷெட் திறக்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. கோபம் என் மேலா, அவர் மேலா, காதின் மேலா, எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பத்தாம் நாள் காலை டீயைக் குடித்துவிட்டு, சத்தம் வேணாத வேலை ஒண்ணு இருக்கு, வயரிங் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எஞ்சின் வேலைதான் வேலை என்று எதிர்க்கடை வயரிங்காரரை இருபது வருஷமாகக் கிண்டல் செய்தவர் இவர், ஒரு ஃபியூஸ் போனால்கூட வண்டியை அங்கேதான் தள்ளிவிடுவார். இப்போது போய் அவரிடம் கற்றுக்கொடு என்று கேட்க வாய் வருமா. ஷெட்டுக்குப் பின்னால் சொந்தக்காரர் விட்டுப்போன அந்தப் பச்சை கார் இருக்கிறதே, அதில் எலி கடித்துப் பாதி வயர் தொங்குகிறது, அதையே பிரித்துப் பிரித்து இருவரும் படித்தோம். ஒரு சின்ன பல்பில் இரண்டு வயர், ஒன்றின் நுனியில் கிளிப், இன்னொன்றில் ஊசி, அதுதான் டெஸ்ட் லேம்ப், ஊசி பட்ட இடத்தில் கரண்ட் இருந்தால் பல்பு எரியும், கேட்க ஒன்றுமே இல்லை, பார்த்தால் போதும். அவருக்குப் பிடித்துப்போனது அதனால்தான். எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. ரப்பர் டயர் மேலே நிற்கிற காருக்கு எர்த் எங்கேயிருந்து வரும் என்று கேட்டேன், பாடிதான் எர்த் என்று தகரத்தைத் தட்டிக் காட்டினார், எப்படி என்றால், அவ்வளவுதான் எனக்கும் தெரியும் என்றார். பாட்டரி கழற்றும்போது நெகட்டிவை முதலில் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது, ஸ்பேனரைப் பாசிட்டிவில் வைத்துத் திருகினேன், வளையல் ஸ்பேனரிலும் தகரத்திலும் சேர்ந்து பட்டது, படீரென்று ஒரு பொறி, மணிக்கட்டில் வட்டமாகச் சுட்டுவிட்டது. பயப்படாதே, ஆறிவிட்டது, வளையலை அன்றே கழற்றி வைத்துவிட்டேன். இன்னொரு நாள் பிரேக் லைட்டுக்கு வயர் கொடுத்தோம், அவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கிறார், லைட் எரியவில்லை, ஹாரன் அடிக்கிறது. வயர் மாறிப்போயிருக்கிறது. அவருக்கு ஹாரன் எங்கே கேட்கப்போகிறது, எரியுதா, எரியுதா என்று கேட்டுக்கொண்டே இன்னும் பலமாக மிதிக்கிறார், தெருவே கூடிவிட்டது, நான் இரண்டு கையையும் ஆட்டுகிறேன், எரிகிறது என்று நினைத்துக்கொண்டு அவர் சிரிக்கிறார். வயரிங்காரர் எதிர்க்கடையிலிருந்து ஓடிவந்து ஒரு வயரைப் பிடுங்கினார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், கரண்ட் போற வழிய மட்டும் பாக்கறீங்க அக்கா, திரும்பி வர்ற வழியையும் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது சுத்தமாகப் புரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

போன வாரம் அந்த வேன் டிரைவரே மறுபடி வந்து நின்றார். வயரிங்காரர் ஊரில் இல்லை, பிரேக் மிதித்தால் பின்னாடி பிரேக் லைட் மங்கலாக எரிகிறது, கூடவே திரும்பும்போது போடுகிற மஞ்சள் விளக்கும் எரிகிறது, பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டும் என்றார். அன்னைக்கு கத்திட்டேன் அக்கா, ஆனா நான் கத்தினது தப்புன்னு சொல்லமாட்டேன் என்றார். பிறகு அப்பாவுக்கு முன்னால் போய் வாயை நன்றாகத் திறந்து, லைட்டை மட்டும் பாருங்கண்ணே, சக்கரத்தைத் தொடாதீங்க என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அப்பா படித்துவிட்டு, சரி, சக்கரத்தைத் தொடல என்றார். மூன்று பேருமே சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றோம். லேம்பை வைத்துப் பார்த்தால் எல்லா வயரிலும் கரண்ட் வருகிறது, பல்பை மாற்றினோம், ஃபியூஸை மாற்றினோம், சுவிட்சைப் பார்த்தோம், எல்லாம் சரி, லைட் மட்டும் மங்கல். மணி ஓடுகிறது, பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஆகிறது, அப்பா கழுத்தில் வேர்வை ஒழுகுகிறது, கைவிட்டுவிடுவார் என்று தோன்றியது. எனக்கு எப்படி அந்த யோசனை வந்தது என்று கேட்காதே, திரும்பி வருகிற வழி என்று வயரிங்காரர் சொன்னாரே என்று ஒரு நீள வயரை எடுத்து, ஒரு நுனியை விளக்குக் கூட்டின் தகரத்திலும் இன்னொரு நுனியைப் பாட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது, மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது. அப்பா என் கையைத் தள்ளிவிட்டு விளக்குக் கூட்டைக் கழற்றினார், பின்னால் கரண்ட் தகரம் வழியாகத் திரும்பிப் போகிற எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்து மாவாக இருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெள்ளைத் தகரம் தெரிந்த பிறகு மாட்டினார், முடிந்தது. அந்தக் கரண்ட் ஏன் போய் மஞ்சள் விளக்கில் ஏறியது என்று அவர் எனக்கு இரண்டு தடவை விளக்கினார், இரண்டு தடவையும் சரி என்றேன், இப்போது எழுதும்போதும் புரியவில்லை. வேன் போகும்போது டிரைவர் பிரேக்கை மிதித்து மிதித்துக் காட்டிக்கொண்டே போனார்.

அப்பா கையில் சோப்பு போட்டுக்கொண்டே, இதை பாப்பாகிட்ட சொல்லு, அம்மா கண்டுபிடிச்சான்னு சொல்லு, ஆமா, அவ ஏன் இப்பல்லாம் போனே பண்றதில்ல என்று கேட்டார். இரண்டரை மாதமாக நெஞ்சில் வைத்திருந்தது, அதற்கு மேல் முடியவில்லை. ஃபில்டர் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, பாப்பாவுக்குக் குழந்தை பிறக்கப் போகுது என்று பெரிதாக எழுதிக் காட்டினேன். படித்தார். சோப்புக் கையோடு அப்படியே நின்று சிரித்தார், கண் நிறைந்துவிட்டது. எப்ப சொன்னா என்றார். இரண்டரை மாசம் ஆச்சு, உங்ககிட்டதான் முதல்ல சொன்னா என்று எழுதினேன். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். ரொம்ப சந்தோஷப்பட்டீங்க என்று எழுதிவிடலாமா என்று பேனாவை அட்டையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, பொய் எழுதாத என்றார். எழுதினேன், சரிம்மா, நல்லா சாப்பிடு, வண்டி நிக்குது என்று. அந்த அட்டையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு போய்ப் பச்சை காரில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ.

மறுநாள் அவரே காது டாக்டரிடம் கூட்டிப்போ என்றார். அங்கே காத்திருந்தவர்களில் நம்ம கஸ்டமர் மூன்று பேர், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன் வரிசையில் உட்கார்ந்தார். இடது காதுக்கு வழி இல்லையாம், வலது காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு கேட்கலாமாம், பழகவே சில மாதம் ஆகுமாம், எஞ்சின் சத்தமெல்லாம் பழையபடி பிரித்துத் தெரியாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். அதை எழுதிக் காட்டியபோது தலையை ஆட்டினார், அதுக்குத்தான் நீ இருக்கியே என்றார், நானா என்று பதறிப்போய், இனி சக்கரத்தை நீங்களே தொட்டுப் பார்க்கிறதா இருந்தால் மட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சரி என்றிருக்கிறார். உனக்கு நாலு வரி எழுது என்றுதான் சொன்னார், நான் இவ்வளவு எழுதிவிட்டேன், சத்தியத்தை மீறினேனா காப்பாற்றினேனா தெரியவில்லை. உனக்கு எங்கள் மேல் கோபம் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது, பாதியை என் மேல் வைத்துக்கொள், முழுவதையும் அவர் மேல் வைக்காதே.

குளியலறையில் வழுக்காத விரிப்பு போட்டுக்கொள், ஸ்டூல் மேல் ஏறாதே, இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே என்று இங்கே நர்ஸ் ஒருத்தர் சொன்னார், மறந்துவிடாதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீயும் பிள்ளையும் தலைக்கு ஒரு வலி இல்லாமல், காலுக்கு ஒரு முள் இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும், அதைத் தவிர எங்களுக்குக் கேட்க ஒன்றுமில்லை. அப்பா சொன்ன நாலு வரி இதுதான், அப்படியே எழுதுகிறேன்: அவ எங்கிட்ட முதல்ல சொல்லணும்னு நெனச்சா, எனக்கு அது கிடைக்கல, இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, எழுதிச் சொல்லச் சொல்லு, எனக்கு ஒண்ணும் தெரியாத மாதிரி நான் படிச்சுக்கிறேன். கவரின் மேல் அப்பாவுக்கு என்று மட்டும் எழுது. நான் பிரிக்க மாட்டேன்.

என்றும் உன் நினைவில்,
அம்மா